சங்கமா, ஜாகீரா?

(கள்ளக்குறிச்சியில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



விமானத் தொழிலாளரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களிற் சிலரின் முகத்திலே புன்னகை அரும்பிற்று; கண்டேன். கரும்பு வெட்டுவோரும், ஆலையிலே பாடுபடுவோரும், கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் சுமந்து இறங்குவோரும் கூடியுள்ள இடத்திலே வானூர்தியைப் பற்றி என்ன பேச்சு என்ற கேள்வி அந்தப் புன்னகைக்குள்ளே ஒளிந்திருக்கிறது. நியாயமான கேள்விதான்.

நமது மாவட்டத்துக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு உளுந்தூர்ப்பேட்டையிலே கிடக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளையர் ஆட்சி அமைத்த ஓடுதளம் அது. போர் முடிந்தது, விமானம் பறந்து போயிற்று, தளம் மட்டும் தங்கிவிட்டது. ஆயினும், விமானம் ஏறாதவன் விமானத் தொழிலாளியின் கதையைக் கேட்கக் கூடாது என்று விதி இல்லை. மேலே பறப்பது இயந்திரம். அதனைப் பறக்கச் செய்வது நம்மைப் போன்ற மனிதரின் உழைப்பு. அந்த உழைப்பாளிகளுக்கு நேர்ந்த ஒரு சிக்கல், நாளை உங்கள் ஆலை வாயிலிலும் வந்து நிற்கக்கூடும்.

என்ன சிக்கல் அது? முதலாளியோடு தொழிலாளிக்குப் பிணக்கு ஏற்பட்டால், தொழிலாளி தன் சங்கத்திடம் செல்கிறான். சங்கத் தலைமையோடே பிணக்கு ஏற்பட்டால் அவன் எங்கே செல்வது? இந்தக் கேள்விக்குத்தான் விடை தேட வந்திருக்கிறேன்.

அமெரிக்காவிலே அலாஸ்கா ஏர்லைன்ஸ் என்றொரு விமானக் கம்பெனி. அதன் விமானப் பணியாளருக்கு நெடுநாளைய குறை ஒன்று இருந்தது. பயணிகள் ஏறும்போது பெட்டியைத் தூக்கி வைப்பவர்கள் அவர்கள். முதியவரைக் கைபிடித்து அமர்த்துபவர்கள் அவர்கள். அழும் குழந்தைக்கு ஆறுதல் கூறுபவர்களும் அவர்களே. ஆனால், கதவு சாத்தப்பட்டு விமானம் புறப்பட்ட பிறகுதான் அவர்களுடைய கூலிக் கடிகாரம் ஓடத் தொடங்கிற்று. அதற்கு முன்னே செய்த வேலை கணக்கிலே ஏறவில்லை. கரும்பு ஏற்றிய வண்டியோடு ஆலை வாயிலிலே எடை போடக் காத்துக் கிடக்கும் நேரத்துக்கு உங்களுக்குக் கூலி உண்டா? இல்லை அல்லவா? அந்த வேதனைதான் அங்கும்!

பேச்சு நடந்தது. 2024 ஜூன் மாதத்திலே சங்கத் தலைவர்களும் நிர்வாகமும் ஓர் உடன்பாடு கண்டனர். பயணிகள் ஏறும் நேரத்துக்கும் ஊதியம் உண்டு என்ற புதிய உரிமையும் அதிலே இடம்பெற்றிருந்தது. மாலை போட்டு விழா நடத்த வேண்டிய வேளை என்று தலைவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் அந்தச் சங்கத்திலே ஒரு முறை உண்டு. தலைவர் கையெழுத்து போதாது. உறுப்பினர் வாக்களிக்க வேண்டும். வாக்களித்தனர். ஆகஸ்ட் மாதத்திலே முடிவு வந்தது. 68 விழுக்காட்டினர், "வேண்டாம்!" என்றனர்.

தலைமைக்கு இழுக்கு என்று எவரேனும் புலம்பினரா? சங்கம் சரிந்ததா? இரண்டும் இல்லை. தலைவர்கள் மீண்டும் பேச்சு மேடைக்குச் சென்றனர். முன்பு அவர்கள் கையிலே இருந்தது கோரிக்கை மட்டுமே. இப்போது உறுப்பினரின் சினமும் சேர்ந்திருந்தது. புதிய உடன்பாடு வந்தது. 2025 பிப்ரவரியிலே அதன்மீது மீண்டும் வாக்கெடுப்பு. இம்முறை 95 விழுக்காட்டினர் ஏற்றனர். அதிருப்தி சங்கத்தை அழிக்கவில்லை, தோழர்களே. சங்கத்தின் பேரம் பேசும் வலிமையைக் கூட்டிற்று.

அதே 2025-இல், யுனைடெட் ஏர்லைன்சிலே ஏறத்தாழ 28,000 விமானப் பணியாளர்கள், தங்கள் தலைவர்கள் கொண்டுவந்த உடன்பாட்டை 71 விழுக்காட்டு வாக்கினாலே தள்ளினர். கனடா நாட்டிலே ஏர் கனடா பணியாளர்கள், ஆகஸ்ட் மாத வேலைநிறுத்தத்துக்குப் பின் வந்த ஊதியத் திட்டத்தை 99.1 விழுக்காட்டு வாக்கினாலே மறுத்தனர். தலைவரை வெறுத்தா மறுத்தனர்? அந்த வேலைநிறுத்தத்தின்போது, பணிக்குத் திரும்புக என்று வந்த உத்தரவையே மீறித் துணிந்து நின்ற சங்கம் அது! தலைவரிடம் மதிப்பு இருக்கலாம். அவர் கொண்டுவந்த தாளிலே மனநிறைவு இல்லாதிருக்கலாம். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்ட இடத்திலே சங்கம் வளர்கிறது.

புரிந்துகொள்ளாத இடத்திலே என்ன நடந்தது? அதையும் கூற வேண்டும்.

அமெரிக்காவிலேயே நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. அங்கே விமானம் பழுதுபார்க்கும் தொழிலாளருக்குத் தங்கள் பெரிய சங்கத்தின்மீது கசப்பு. தங்கள் குரல் அங்கே எடுபடவில்லை என்ற எண்ணம். 1998-ஆம் ஆண்டு அவர்கள் அச்சங்கத்தை விட்டு விலகித் தனிச் சங்கத்திலே சேர்ந்தனர். பெட்டி ஏற்றுவோரும் இறக்குவோரும் பழைய சங்கத்திலேயே தங்கினர். ஏழு ஆண்டுகள் சென்றன. 2005 ஆகஸ்ட் 20-ஆம் நாள், ஆட்குறைப்பையும் ஊதிய வெட்டையும் எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கினர் பழுதுபார்ப்போர். பழைய சங்கத்தார் வரவில்லை. பிற சங்கத்தாரும் வேலைக்குச் சென்றனர். மாற்றாட்களை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தது நிர்வாகம். விமானங்கள் பறந்தன, வேலைநிறுத்தம் தரையிலே வீழ்ந்தது. அவர்களுடைய குறை உண்மையானது. ஆனால் தனித்து நின்ற குறை தோற்றது.

கடல் கடந்த கதை போதும். நம் நாட்டுக்கு வருவோம்.

2007-ஆம் ஆண்டிலே ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் ஒன்றாக இணைக்கப்பட்டன. கம்பெனிகள் இணைந்தன, விமானிகளின் சங்கங்கள் இணையவில்லை. 2011-இல் இந்தியன் ஏர்லைன்ஸ் வழிவந்த விமானிகள், சம ஊதியம் கேட்டுப் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தனர். 2012-இல் ஏர் இந்தியா வழிவந்த விமானிகள் 58 நாள் நின்றனர். எதற்காகத் தெரியுமா? புதிய போயிங் 787 விமானத்தை ஓட்டும் பயிற்சி மற்றப் பிரிவினருக்கும் அளிக்கப்படுவதை எதிர்த்து! முதலாண்டு ஒரு சங்கத்தின் அங்கீகாரம் பறிபோயிற்று. மறு ஆண்டு மற்றொன்றின் அங்கீகாரமும் பறிபோயிற்று. பங்காளிச் சண்டையிலே பாகம் கிடைத்தது யாருக்கு? 

விமானப் பணிப்பெண்களின் கதை இன்னும் கொடிது. 35 வயதானால் ஓய்வு. முதற் கருவுற்றால் வேலை நீக்கம். இதுதான் ஏர் இந்தியாவின் விதியாக இருந்தது. 1981-இல் நர்கேஷ் மீர்சா வழக்கிலே உச்சநீதிமன்றம் கருவுற்றால் நீக்கும் விதியை வெட்டி எறிந்தது. ஆணைப் போலவே 58 வயது வரை நாங்களும் பறப்போம் என்று பின்னாளிலே பெண்கள் சிலர் கேட்டு, மும்பை உயர்நீதிமன்றத்திலே வெற்றியும் கண்டனர். அத்தீர்ப்பை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றது யார்? விமானப் பணியாளர் சங்கமே சென்றது! 2003-இல் பெண்கள் தோற்றனர். 50 வயதிலே தரையிறங்கும் விதி செல்லும் என்று தீர்ப்பாயிற்று. விமானத்துக்குள் மேற்பார்வையாளர் பதவி ஆணுக்கே உரியது என்ற வழக்கத்தை நிர்வாகமே மாற்ற முன்வந்தபோதும், ஆண் பணியாளர் சிலர் வழக்காடினர். 2011-இல்தான் உச்சநீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒரே சீருடை, ஒரே விமானம். ஆயினும் அந்தப் பெண்களுக்குத் தங்கள் சங்கத்தையே எதிர்த்து வழக்காட வேண்டிய நிலை!

இன்னும் அருகே வாருங்கள், மூணாறுக்கு வாருங்கள். 2015 செப்டம்பரிலே கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டத்திலே நம் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கிலே தெருவில் இறங்கினார்கள். அவர்கள் நாட்கூலி 232 ரூபாய், போனசிலும் வெட்டு. தோட்டத்திலே சங்கங்கள் இல்லாமலா? இருந்தன, செங்கொடியும் உண்டு, வேறு கொடியும் உண்டு. ஆனால், சமாதானம் பேச வந்த சங்கத் தலைவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தாங்களே போராடினர் அப்பெண்கள். "பெண்பிளை ஒருமை" என்று பெயர். 20 விழுக்காடு போனசும் கருணைத் தொகையும் பெற்றே திரும்பினர். அடுத்த மாதம் கூலியும் 301 ரூபாய் ஆயிற்று. பெரும் வெற்றி! ஆயினும் அந்த ஒருமை நெடுங்காலம் ஒருமையாக நிற்கவில்லை. பிளவு வந்தது, வலிமை தேய்ந்தது. வெகுண்டெழுவது வேறு, வேரூன்றுவது வேறு என்ற பாடத்தை அந்த வெற்றியோடு சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

தோழர்களே! தலைமை கெடுவது எப்படி? இதை உங்களுக்குப் பாடப்புத்தகம் கொண்டு விளக்க வேண்டியதில்லை. மேற்கே நிமிர்ந்து பாருங்கள், கல்வராயன் மலை நிற்கிறது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்கள் அம்மலையைப் பங்கிட்டு ஆண்டனர். மலைவாழ் மக்கள் வரியும் செலுத்தினர். கூலியின்றி வெட்டி வேலையும் செய்தனர். நாடு விடுதலை பெற்றது 1947-இல். அம்மலை ஜாகீர் ஆட்சியிலிருந்து மீண்டது 1976-இல்! ஜாகீர்தாரை எவரும் தேர்ந்தெடுத்ததில்லை. அவரிடம் எவரும் கணக்குக் கேட்டதில்லை. செலுத்துவது குடியின் கடமை. பெறுவது அவர் உரிமை.

இப்போது உங்கள் சங்கத்தை எண்ணிப் பாருங்கள். தேர்தல் நடந்து எத்தனை ஆண்டு ஆயிற்று? சந்தாக் கணக்கைக் கடைசியாகக் கண்டது எப்போது? ஒப்பந்தம் கையெழுத்தான பிறகா, அதற்கு முன்பா உங்களுக்குச் சேதி வந்தது? விடை சொல்ல வாய் கூசினால், அது சங்கம் அன்று. சந்தா வாங்கும் ஜாகீர்!

உடனே ஒரு குரல் எழும்: "தலைவரைக் குறை கூறினால் முதலாளிக்குக் கொண்டாட்டம்!" நான் கேட்கிறேன்: கணக்குக் காட்டும் தலைவரைக் கண்டு முதலாளி மகிழ்வானா, கணக்குக் காட்டாத தலைவரைக் கண்டு மகிழ்வானா? ஆயிரம் பேரிடம் கேட்டே கையெழுத்திடும் தலைவரை எந்த முதலாளியும் தனியறையிலே வளைக்க முடியாது. வாக்கெடுப்பு தலைவருக்கு விலங்கு அன்று, கவசம்.

தலைவர்களுக்கும் நியாயம் செய்வோம். வேலை இழந்தவர் அவர்களிலே உண்டு. சிறை சென்றவரும் உண்டு. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வாடியாவும் திரு.வி.க.வும் தோழர்களும் கண்டபோது, சங்கம் வைப்பதே குற்றம் என்று கருதிய முதலாளிகளின் காலம். அந்த வரிசையிலே வந்தவர்களைத் தூற்றுவது நம் நோக்கம் அன்று. பேச்சு மேடையிலே பத்துக் கேட்டு ஆறு பெறுவதும் சில வேளை திறமைதான். அந்த ஆறு போதுமா என்பதைச் சொல்லும் உரிமை மட்டும் உழைப்பவனுடையது.

இந்தப் பேச்சை இன்று பேசுவதற்குக் காரணமும் உண்டு. 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் போய், தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு தொழிலகத்திலே பல சங்கங்கள் இருப்பின், 51 விழுக்காட்டுத் தொழிலாளரைக் கொண்ட சங்கம் ஒன்றே நிர்வாகத்தோடு பேசும். அப்படி எதுவும் இல்லையெனில், 20 விழுக்காட்டுக்குக் குறையாத ஆதரவுடையவை குழுவாகப் பேசும். அதாவது, ஒரு சங்கத்தின் கையெழுத்து எல்லோருடைய தலையெழுத்தாகும்! இனி, "பிடிக்கவில்லை, வேறு கொடி ஏற்றுகிறேன்" என்று பத்துப் பேர் பிரிந்தால், பேச்சு மேடைக்கே வழியிராது. ஆகவே, சங்கத்துக்குள்ளே வாக்குரிமை இல்லையேல், வெளியே உரிமை ஏதும் மிஞ்சாது.

என்ன செய்யலாம்? நான்கே நான்கு கேளுங்கள். ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கு, தமிழிலே, ஆலை வாயிலிலே ஒட்டப்பட வேண்டும். ஒப்பந்த நகல், கையெழுத்துக்கு முன்னே உறுப்பினர் கைக்கு வர வேண்டும். அதன்மீது இரகசிய வாக்கெடுப்பு வேண்டும். நிர்வாகிகள் தேர்தல் குறித்த காலத்திலே நடக்க வேண்டும். ஒப்பந்தக் கூலிகளுக்கும் பெண்களுக்கும் அதிலே இடம் வேண்டும். இரயில்வே தொழிலாளர் 2007-லும், 2013-லும், 2024-லும் எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்பதை இரகசிய வாக்கினாலே முடிவு செய்தனர். வண்டி தடம் புரண்டுவிடவில்லையே! மூங்கில்துறைப்பட்டு ஆலையிலும் கச்சிராயபாளையம் ஆலையிலும் அது ஏன் முடியாது?

கடைசியாக ஒரு சொல். சங்கத்தின்மீது சினங்கொண்டு, "சந்தாவும் வேண்டாம், சங்கமும் வேண்டாம்" என்று வீட்டிலே படுத்துவிடாதீர்கள். சங்கம் இல்லாதவனுக்குத் தரகனே தலைவன். அந்தத் தரகன் காட்டிய வழியிலே சென்று, செம்மரக் காட்டிலே குண்டடிபட்டவரையும் சிறைப்பட்டவரையும் வட தமிழ்நாட்டு மலையூர்கள் அறியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டிலே 20 தமிழர் மாண்டபோது, அவர்களுக்காகக் கேட்க ஒரு சங்கம் இருந்ததா?

அடுத்த பேரவைக் கூட்டம் என்று என்பதை நாளைக் காலையிலேயே செயலாளரிடம் கேளுங்கள். நாள் குறிக்கச் சொல்லுங்கள். குறித்த நாளிலே அனைவரும் செல்லுங்கள். கையிலே சந்தா இரசீது இருக்கட்டும். நெஞ்சிலே அச்சம் இல்லாதிருக்கட்டும்.