மூக்கறியாத நஞ்சு



வடநாட்டுக் குளிரில் கதவடைத்து, அறைக்குள் கரியடுப்பை மூட்டி உறங்கும் வழக்கம் நம் குடியிருப்பிலும் உண்டு. அக்கரியினின்று எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியில் ஆக்சிஜனின் இடத்தைப் பற்றிக்கொண்டு, உறக்கத்திலேயே உயிரைக் கவரும். நம் மூக்கறியாத அதனை அறியும் கருவி உண்டோ எனில், உண்டு.

வெள்ளீய ஆக்சைடைச் சூடாக்கினால், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன்மேல் ஒட்டி எலக்ட்ரான்களைப் பற்றும், மின்தடை உயரும். நச்சுவாயு வந்து அவ்வாக்சிஜனோடு கூடுங்கால் எலக்ட்ரான்கள் விடுபடும், தடை குறையும், மணி ஒலிக்கும். 1962-இல் ஜப்பானியரான டகுச்சி இம்முறைக்குக் காப்புரிமை கோரினார்.

இன்று அப்பொருளையே தேனடைபோல், மீட்டரில் நூறு கோடியிலொரு பங்காகிய நானோமீட்டர் கணக்கில் அளக்கத்தக்க நுண்துளைகளுடன் ஆக்குகின்றனர். துளை மிகின் பரப்பு மிகும். பரப்பு மிகின் சிறிதளவு வாயுவும் சிக்கும். துளைப்பொருள்களுள் மற்றொரு வகையாகிய உலோக-கரிமக் கட்டமைப்புகளுக்காகக் கிடகாவா, ராப்சன், யாகி என்னும் மூவர் 2025-இல் நோபல் பரிசு பெற்றனர்.

அன்பர்களே! கைகாட்டியில்லாப் பாதையில் வண்டியை விரைந்து செலுத்த இரயில்வேயினராகிய நாம் ஒப்புவதில்லை. கருவியில்லா அறையில் கரியடுப்போடு உறங்க மட்டும் ஒப்பலாமோ? இன்றிரவே அடுப்பை வெளியே வைத்துவிட்டு உறங்குவோமாக.