புளோரன்ஸின் சேறும் சியெம் ரீப்பின் பிள்ளைகளும்

படிப்பு முடிந்து வேலையில் சேருமுன் சில வாரங்கள் வெளிநாட்டில் தொண்டு செய்துவிட்டு வரலாம் என்று நினைக்கும் இளைஞர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதிலும் பழைய கோயில்களும் அரண்மனைகளும் நிறைந்த நகரங்களுக்குத் தனிக் கிராக்கி. ஊரையும் பார்க்கலாம், உதவியும் செய்யலாம் என்ற கணக்கு. இந்தக் கணக்கை எடுத்த எடுப்பில் தப்பு என்று தள்ள நான் வரவில்லை. போகிறவரின் நல்ல மனத்தை அளவுகோலாக வைக்காமல், அங்கே காத்திருக்கும் வேலை எப்படிப்பட்டது, அதை ஏவுகிறவர் யார் என்று பார்த்து இந்தத் தொண்டை மதிப்பிட வேண்டும் என்பதே என் வாதம். சாட்சிக்கு இரண்டு ஊர்கள். ஒன்று இத்தாலியின் புளோரன்ஸ். மற்றொன்று கம்போடியாவின் சியெம் ரீப்.

1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி விடியுமுன் ஆர்னோ ஆறு கரையுடைத்துப் புளோரன்ஸ் நகருக்குள் புகுந்தது. தாழ்வான சில தெருக்களில் ஆறு மீட்டருக்கும் மேல் வெள்ளம். வந்தது வெறும் தண்ணீர் என்றால்கூடப் பாதி ஆபத்துதான். குளிர்காலம் நெருங்கியதால் வீடுகளைச் சூடேற்றும் எண்ணெயை நிலவறைத் தொட்டிகளில் நிரப்பி வைத்திருந்தார்கள். அந்தக் கறுப்பு எண்ணெயும் சாக்கடையும் சேறும் கலந்து வந்ததால், தொட்ட இடமெல்லாம் பிசுக்கு ஏறியது. சாந்தா குரோச்சே தேவாலயத்தில் இருந்த, சிமாபுவே தீட்டிய 13ஆம் நூற்றாண்டுச் சிலுவை ஓவியத்தின் வண்ணத்தில் பெரும்பகுதி உரிந்து போனது. அந்தத் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே ஆற்றங்கரையில் நிற்கிறது தேசிய மைய நூலகம். அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் இதழ்களும் நனைந்தன. ஈரக் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கச் சில நாட்களே போதும். அந்தச் சில நாட்களில்தான் இத்தாலியின் பிற ஊர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். சேற்றின் தேவதூதர்கள் என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்துவிட்டது.

அந்தப் பெயரின் பளபளப்பை ஒதுக்கிவிட்டு, அவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். நிலவறையிலிருந்து படிக்கட்டு வழியாக வரிசையாக நின்று, சேறு சொட்டும் புத்தகங்களைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். இதற்கு இத்தாலிய மொழி வேண்டாம், கலை வரலாறு வேண்டாம், அனுபவமும் வேண்டாம். நிறையக் கைகள் வேண்டும், உடனே வேண்டும். மேலே வந்த நூல்களை என்ன செய்வது என்ற முடிவு நூலக இயக்குநர் எமானுவெலே கசமஸ்ஸீமாவிடமும் அவருடைய ஊழியர்களிடமும் இருந்தது. நூல்களைக் காயவைக்கப் புகையிலை உலர்த்தும் கொட்டில்கள்வரை தேடிப் பிடித்தார்கள். பிறகு ரயில் நிலையத்தின் கொதிகலன் கட்டடத்தில், தாள் தாளாகப் பிரித்துக் கழுவும் வேலை தொடங்கியது. பிரிட்டனிலிருந்து பீட்டர் வாட்டர்ஸ் போன்ற தேர்ந்த நூல் கட்டுநர்கள் வந்து அதற்கு முறை வகுத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை. அந்த நூலுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை அட்டையில் குறியீடுகளால் காட்டினார்கள். பல மொழி பேசும் ஆட்கள் ஒரே மேசையில் வேலை செய்ய அது வழி செய்தது. இந்த வேலை எல்லாம் கச்சிதமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஈரத்தை உறிஞ்சத் தூவிய மரத்தூளே தாள்களில் ஒட்டிக்கொண்டு பின்னால் வந்தவர்களுக்குத் தொல்லை கொடுத்தது. அவசரத்தில் நடக்கும் உதவிக்கு அந்த விலையும் உண்டு.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வெளியூர் இளைஞர்களைக் கொண்டாடும்போது உள்ளூர்க்காரர்களை மறந்துவிடுகிறோமே என்று. உண்மைதான். வந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலிய மாணவர்களே. சாந்தா குரோச்சே பகுதியில் வீட்டையும் பட்டறையையும் இழந்த ஏழைக் கைவினைஞர்களுக்கு, உலகம் நம்மைவிடப் புத்தகங்களுக்காக அழுகிறதே என்ற மனத்தாங்கல் இருந்தது. அந்தப் புண் ஆறுவதற்கு எந்தத் தேவதூதர் வரிசையும் உதவவில்லை. இன்னொன்றும் உண்டு. வெள்ளத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மூழ்கிக் கிடந்த, ஓவியர் வசாரியின் கடைசி விருந்து ஓவியம் சாந்தா குரோச்சேக்குத் திரும்பியது 2016இல். சரியாக ஐம்பது ஆண்டு. அதை மீட்டவர்கள் அதே நகரத்தில் உள்ள அரசுப் பாதுகாப்புக் கூடத்தின் முழுநேர வல்லுநர்கள். தொண்டர்களின் பங்கு முதல் சில வாரங்கள். மீதி, சம்பளம் வாங்கி வாழ்நாள் முழுதும் அதையே செய்பவர்களுடையது. இப்படிச் சொல்வதால் தொண்டர்களின் மதிப்பு குறையாது, அதன் அளவு தெரியும்.

இப்போது சியெம் ரீப். அங்கோர் கோயில்களுக்கு வாசல் அந்த ஊர்தான். 1992இல் அங்கோர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பிறகு பயணிகள் குவிந்தார்கள். காலையில் கோயில், மாலையில் அனாதை இல்லத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டு என்று பயணத் திட்டங்கள் வந்தன. கம்போடியாவில் அத்தகைய இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நால்வரில் ஏறக்குறைய மூவருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்ததாக யுனிசெஃப் எடுத்துச் சொன்னது. பெற்றோர் இருக்கும் பிள்ளை ஏன் அங்கே இருக்க வேண்டும்? வறுமை ஒரு காரணம். பிள்ளை இருந்தால் வெளிநாட்டவர் வருவார், அவரோடு நன்கொடையும் வரும் என்பது மற்றொரு காரணம். வருகிறவருக்குக் குழந்தைகள் மேல் உண்மையான அன்பு இருக்கலாம். அந்த அன்பே இல்லத்துக்கு வருமானம் ஆகிவிட்டது. வாரத்துக்கு ஒருவர் வந்து கொஞ்சிவிட்டு மறைவதைப் பிள்ளைகள் தாங்க வேண்டியிருந்தது. 2018இல் ஆஸ்திரேலியாவில் நவீன அடிமைத்தனச் சட்டம் வந்தபோது, அனாதை இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதும் பேசப்பட்டது. புளோரன்ஸில் தேவை முதலில் வந்தது, ஆட்கள் பின்னால் வந்தார்கள். இங்கே ஆட்களின் ஆசைக்குத் தக்கபடி தேவை உண்டாக்கப்பட்டது.

வெள்ளம் நூற்றாண்டுக்கு ஒரு முறை வருவது, அதை வைத்து அன்றாடத் தொண்டை அளக்கலாமா என்று கேட்கலாம். வெள்ளம் இல்லாத இடத்திலும் புளோரன்ஸின் அந்த முறை செல்லும். பிரான்சில் அதே 1966இல் தொடங்கிய ராம்பார் என்ற சங்கக் கூட்டமைப்பு சிதைந்த கோட்டைகளிலும் பழைய தேவாலயங்களிலும் முகாம் நடத்துகிறது; வெளிநாட்டு இளைஞர்களும் சேரலாம். சுண்ணாம்புச் சாந்து குழைப்பது, கல் அடுக்குவது எல்லாம் தெரிந்தவரின் மேற்பார்வையில்தான். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் சேர்பவரே ஒரு சிறு தொகை கட்டுகிறார்.

விமானச் செலவை அப்படியே ஒரு கொத்தனாருக்குக் கூலியாகக் கொடுத்தால் சுவர் இன்னும் உறுதியாக நிற்குமே என்பது இதைவிடக் கடினமான ஆட்சேபம். பெரும்பாலும் நிற்கும், மறுக்க முடியாது. ஆனால் போனவர் கற்றதும் கணக்கில் வர வேண்டும். புளோரன்ஸில் வேலை செய்த பீட்டர் வாட்டர்ஸ் 1971இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய் அங்கே நூல் பாதுகாப்புப் பிரிவை நடத்தினார். சேற்றில் பட்டறிந்தது வேறொரு நாட்டு நூல்களுக்கு உதவியது. அவர் தொழில் தெரிந்து போனவர். தொழில் தெரியாமல் போகிறவர், நான் உதவப் போகிறேன் என்பதைவிடக் கற்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்வது நேர்மை. கற்றுக்கொடுப்பவருக்குக் கட்டணம் தருவதும் முறை. பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம், இந்த வேலையைக் கேட்டது யார், நான் கிளம்பிய மறுநாள் இதை யார் தொடர்வார் என்று எழுதிக் கேளுங்கள். உள்ளூர் மேஸ்திரியின் பெயரோ நூலகரின் பெயரோ பதிலில் வந்தால் மேலே பேசலாம். பிள்ளைகளின் புகைப்படம் வந்தால், அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் எங்கே என்று இன்னொரு கடிதம் போடுங்கள்.