ஓட்ட வீரரும் நம் கடமையும்

(சுரண்டையில் நடைபெற்ற நம் சங்கத்து ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருள் பற்றிப் பேசுவேன் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். ஆயினும், நம் சிறுவர் சிறுமியர் இன்று பரிசு பெறவிருக்கும் இவ்வவையில், மக்கள் மனத்தில் நீங்காது நிற்கும் ஓட்ட வீரர் சிலரைப் பற்றிக் கூறுதலே தகுமெனத் துணிந்தேன். திருவள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும், ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். அவ்விரண்டிற்கும் இவ்வீரர்தம் வாழ்க்கையே தக்க விரிவுரையாகும்.

1960 ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக் பந்தயத்தில், எத்தியோப்பிய நாட்டு அபேபே பிகிலா என்பவர் காலில் செருப்புமின்றி மராத்தான் ஓட்டத்தை ஓடி முதற்பரிசு பெற்றார். அவ்வோட்டத்தின் தூரம் 42 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்டது. நம் சுரண்டையினின்று தென்காசிக்குச் சென்று மீளும் வழியினும் அது நெடிது. அத்துணைத் தூரத்தை, 1978 ஆம் ஆண்டு ஜலந்தரில், 2 மணி 12 நிமிடங்களில் ஓடி முடித்தவர் பீகார் மாகாணத்துச் சிவநாத் சிங். இவரும் வெறுங்காலோடு ஓடிப் பழகியவரே. 1974 ஆம் ஆண்டு தெஹரானில் நடந்த ஆசிய விளையாட்டில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1976 ஆம் ஆண்டு மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் மராத்தான் ஓடிப் பதினொன்றாவதாக வந்தார். ஜலந்தரில் இவர் நிறுவிய தேசிய அளவு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியர் எவராலும் மிஞ்சப்படாதிருந்தது.

நிற்க. வென்றோரையே மக்கள் போற்றுவர் என்பது முற்றும் உண்மையன்று. 1960 இல் 400 மீட்டர் ஓட்டத்தில் மில்கா சிங் நான்காமவராகவே வந்தார். 1984 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி. டி. உஷா, ஒரு விநாடியை நூறு கூறிட்டால் அதில் ஒரு கூறு பிந்தியமையால் பதக்கம் இழந்தார். அது கண்ணிமைக்கும் பொழுதினும் சிறிது. எனினும் அவ்விருவர் பெயரையும் அறியாத வீடு நம் நாட்டில் அரிது. முயற்சியின் மெய்ம்மையைக் கண்டே மக்கள் அன்பு செலுத்துகின்றனர் என்பது இதனால் விளங்கும்.

ஆனால், அவ்வன்பு கைதட்டலோடு அமைந்துவிடலாமோ? இதுவே யான் இன்று வினவுவது.

நம் தமிழகத்துப் புதுக்கோட்டைச் சீமை மழை வளம் குன்றியது. ஓட்ட வீரர் வளம் மிக்கது. 2016 ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டில் தங்கம் வென்ற சூர்யா, 2017 ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் ஆசியப் போட்டியில் 5,000 மீட்டர் ஓடித் தங்கம் வென்ற இலட்சுமணன் ஆகிய இருவரும் அம்மாவட்டத்தினரே. அவர்க்கு முன்னரே புகழ்பெற்றவர் சாந்தி சௌந்தரராஜன். செங்கற் சூளையில் உழைத்த பெற்றோர்க்குப் பிறந்த இப்பெண்மணி, 2006 ஆம் ஆண்டு தோஹா நகரில் ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். சின்னாட்களில், அவர் உடற்கூறு பற்றிய சோதனை ஒன்றைக் காரணங்காட்டி அப்பதக்கத்தைப் பறித்தனர். அவர் மருந்துண்டாரல்லர், வஞ்சித்தாருமல்லர். பிறப்பில் அமைந்த உடலியல்பே குற்றமாகக் கருதப்பட்டது. அவ்வவமானத்தோடும், தமிழ்நாட்டரசு அளித்த 15 லட்சம் ரூபாயில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பயிற்றினார். பின்னர் வறுமையுற்று, 2012 ஆம் ஆண்டளவில் அதே சூளையில் அவரும் கூலிக்குச் சென்றார் என்ற செய்தி பரவிய பின்னரே நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு பயிற்சியாளராகப் பணி பெற்றார். ஓடுங்கால் ஆரவாரித்த நாம், அவர் வீழ்ந்தபோது எங்கிருந்தோம்?

"இவர்கள் நம் குலத்தாரல்லரே, நம் சங்கத்தில் இவர்களைப் பேசுவானேன்?" என்பாருமுளர். பந்தய வெளியில் குலம் கேட்பாரில்லை. அங்குக் காலும் நெஞ்சுமே பேசும். அன்றியும், பிறர் பிள்ளைக்கு நேர்ந்தது நாளை நம் பிள்ளைக்கும் நேரலாம்.

ஆதலின் சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன். நம் ஊர்ப் பிள்ளைகள் லாரிக்கும் பேருந்துக்கும் அஞ்சிச் சாலையோரத்தில் ஓடுகின்றனர். அவர்க்கு முள்ளும் கல்லும் நீக்கிய ஒரு திடல் அமைத்தல் வேண்டும். விடியற்காலையில் பயிலும் எளிய பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் சுண்டலும் அளிக்கச் சிறு நிதி வேண்டும். ஓட்டம் முடிந்தபின் அவர்தம் படிப்புக்கும் பிழைப்புக்கும் துணை நிற்க ஒரு குழு வேண்டும்.

தாய்மார்களே! பெண் பூப்பெய்தியவுடன் அவளைத் திடலினின்று நிறுத்திவிடுகின்றீர்கள். நன்றாக ஓடிய சிறுமியர் பலர் எட்டாம் வகுப்போடு ஓட்டத்தை விட்டதை என் ஆசிரியப் பணியில் கண்டு வருந்தியிருக்கின்றேன். ஊரார் சொல்லுக்கு அஞ்சி அவர் கால்களைக் கட்டாதீர்கள். ஊரார் என்பவர் நாமேயன்றோ? நாம் நன்மொழி கூறின், ஊரும் நன்மொழி கூறும்.

இன்று பரிசு பெறுவோரை வாழ்த்துகின்றேன். பரிசு பெறாது கடைசியாக ஓடி வந்தோரையும் அவ்வாறே வாழ்த்துகின்றேன்; இடையில் நில்லாமல் எல்லையைத் தொட்டவர் அவரும் ஆதலின்.