வாய் வார்த்தை கேரண்டி ஆகாது

(விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் குழுக்களின் ஊக்குநர்கள், பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். அந்தப் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பதை இன்றைக்குப் பேசுவோம். முன்பெல்லாம் குழுக் கடன் ஆடு, மாடு, பெட்டிக்கடை என்று போகும். இப்போது மனைக்கும் வீட்டுக்கும் போகிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை சாலையின் இரண்டு பக்கமும் பாருங்கள். நேற்று மணிலா போட்ட நிலத்தில் இன்று கல் நட்டு, கொடி கட்டி, மனை விற்கிறார்கள். சொந்த மனை வாங்குவது நல்ல விஷயம்தான். நம் பெயரில் ஒரு பத்திரம் இருப்பது நமக்கு பலம். ஆனால் வாங்கிய பிறகு சுவர் விரிசல் விட்டால், தண்ணீர் தேங்கினால், பத்திரத்தில் வில்லங்கம் வந்தால் யார் பொறுப்பு?

ஒரு மிக்ஸி வாங்கினால் வாரண்டி கார்டு கேட்டு வாங்குகிறோம். கடைக்காரர் சீல் போட்டாரா என்று பார்க்கிறோம். பல லட்சம் கொடுத்து வீடு வாங்கும்போது மட்டும், "நான் இருக்கேன் அக்கா, எல்லாம் கேரண்டி" என்று புரோக்கர் சொன்னால் நம்பிவிடுகிறோம். அவர் கமிஷன் வாங்கிக்கொண்டு போன பிறகு போனை எடுப்பதில்லை.

அமெரிக்காவில் வீட்டுக்கே வாரண்டி விற்கும் கம்பெனிகள் 1971-லிருந்து இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு தொகை கட்டினால் வயரிங், குழாய் பழுதானால் ஆள் அனுப்புவார்கள். புரோக்கர்களே வீடு வாங்குபவருக்கு அதை ஏற்பாடு செய்து கொடுப்பதும் உண்டு. நம் ஊரில் அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் பணம் கட்டாமலே கிடைக்கும் ஒரு வாரண்டியை நமக்குச் சட்டம் கொடுத்திருக்கிறது. அது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஐந்து வருட வாரண்டி

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தை 'ரெரா' என்று சொல்கிறோம். 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மேல் நிலத்தைப் பிரித்து மனை விற்றாலோ, எட்டுக்கு மேல் அடுக்கு வீடு கட்டி விற்றாலோ, அந்தத் திட்டத்தை ரெராவில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் இல்லாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது.

அப்படிப்பட்ட திட்டத்தில் நாம் வாங்கினால், கையில் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானத்திலோ, வேலைத் தரத்திலோ குறை தெரிந்தால் விற்ற கம்பெனியிடம் சொல்லலாம். 30 நாளுக்குள் அவர்கள் செலவிலேயே சரிசெய்து தர வேண்டும். தராவிட்டால் நஷ்டஈடு கேட்கலாம். இது சட்டத்தின் 14-வது பிரிவு. வெறும் மனைக்கும் இது உண்டு. ரோடு, வாய்க்கால், தண்ணீர் வசதி என்று ஒப்பந்தத்தில் எழுதியதைச் செய்யாவிட்டால் அதுவும் குறைதான். ஆனால் அது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நோட்டீசில் படம் போட்டுக் காட்டுவதோடு விட்டுவிடாதீர்கள்.

பத்திரத்திலேயே குறை இருந்து, வேறு ஒருவர் நிலம் தன்னுடையது என்று வந்து நமக்கு நஷ்டம் ஆனால், 18-வது பிரிவின்படி நஷ்டஈடு கேட்கலாம். அதற்குக் காலக்கெடு கிடையாது.

தவணை மனை

நம் உறுப்பினர்கள் அதிகம் சேருவது மாதத் தவணையில்தான். இங்கேயும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல், விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது. மனை 4 லட்சம், மாதம் 5,000 என்று வையுங்கள். எட்டு மாதத்தில் 40,000 ஆகிவிடும். ஒன்பதாவது தவணை கட்டும் முன் பதிவு செய்த ஒப்பந்தம் உங்கள் கையில் இருக்க வேண்டும். "கடைசித் தவணையில்தான் பத்திரம், அதுவரை இந்த அட்டைதான்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கமிஷன் ஆசை

இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தோம். இப்போது கம்பெனிக்காரர்கள் நேராக ஊருக்கு வருவதில்லை. நம் குழுத் தலைவியைத்தான் தேடி வருகிறார்கள். "பத்துப் பேரைச் சேர்த்து விடுங்க, உங்களுக்கு ஒரு தொகை தர்றோம்" என்கிறார்கள். ஏன்? கம்பெனியை யாரும் நம்ப மாட்டார்கள், உங்களை நம்புவார்கள். பல வருடம் கணக்கு தப்பாமல் குழு நடத்தி நீங்கள் சம்பாதித்த நம்பிக்கையை அவர்கள் ஒரு கமிஷனுக்கு வாங்குகிறார்கள்.

பணம் வாங்கிக்கொண்டு, வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகம் செய்து வைப்பவரும் சட்டப்படி ஏஜெண்டுதான். ஏஜெண்டு ரெராவில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாத திட்டத்தை விற்றுத் தரக் கூடாது. இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், மனை விலையில் 5 சதவீதம் வரை அபராதம் போகும். அபராதத்தைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. நாளைக்கு மனை இல்லை என்று ஆனால், கூடப் பழகிய பெண்கள் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான். அத்தோடு குழுவும் உடையும். சகோதரிகளே, இந்தத் தொழிலைச் செய்வது தப்பில்லை. பதிவு செய்துவிட்டு, காகிதம் காட்டிச் செய்யுங்கள்.

கொத்தனார் கட்டும் வீடு, பழைய வீடு

நாமே மேஸ்திரி வைத்துக் கட்டும் வீட்டுக்கு ரெரா வராது. ஆனால் கூலி பேசி ஒப்பந்தம் எடுத்துக் கட்டித் தருவது நுகர்வோர் சட்டப்படி ஒரு சேவை. என்ன அளவு, எத்தனை மூட்டை சிமெண்ட், எவ்வளவு தொகை, எத்தனை வருடப் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பணம் கொடுக்கும்போதெல்லாம் ரசீது வாங்குங்கள். குறை வந்தால் இரண்டு வருடத்துக்குள் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. யோசனை கேட்க 1915-க்குப் போன் செய்யலாம்.

ஒருவர் குடியிருந்த பழைய வீட்டுக்கு ஐந்து வருட வாரண்டியை நம்பி இறங்காதீர்கள். தனக்குத் தெரிந்த, நம் கண்ணுக்குத் தெரியாத பெரிய குறையை விற்பவர் மறைக்கக் கூடாது என்று 1882-ம் வருடச் சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற குறையை நாம்தான் பார்க்க வேண்டும். அதனால் மழை நாளில் போய்ப் பாருங்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அன்றைக்கு இந்த இடத்தில் தண்ணீர் எங்கே நின்றது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார்.

குழுவில் செய்ய வேண்டியது

மனைக்கோ வீட்டுக்கோ கடன் கேட்டால், பணம் கொடுக்கும் முன் குழுக் கூட்டத்தில் இவற்றைப் பார்ப்போம்:

1. ரெரா பதிவு எண். திட்டத்துக்கும் ஏஜெண்டுக்கும் தனித்தனியாக. ரெரா இணையதளத்தில் சரிபார்க்கலாம்; படித்த பிள்ளைகள் செல்போனிலேயே பார்த்துச் சொல்வார்கள்.

2. மனைப்பிரிவு அங்கீகாரம். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் புதிதாகப் பிரித்த மனையைச் சார்பதிவாளர் பதிய மாட்டார்.

3. வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா.

4. வாக்குக் கொடுத்த வசதிகள் எழுதிய ஒப்பந்தம்.

5. கட்டிய பணத்துக்கெல்லாம் ரசீது.

ஏற்கனவே வாங்கி வீட்டில் குறை உள்ளவர்கள், குறையைத் தேதியோடு போட்டோ எடுத்து, கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. பதில் இல்லாவிட்டால் சென்னை எழும்பூரில் உள்ள ரெரா ஆணையத்தில் புகார் செய்யலாம். ஐந்து வருடம் முடியும் முன் எழுதிவிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒப்படைத்த தேதியை எடுத்துப் பாருங்கள்.

இந்த ஐந்தையும் ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.