செல்லுக்குள் எது முதலில் நடந்தது?

தலைமை உரை நீண்டால் தேநீர் ஆறிவிடும் என்று அமைப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஒரே கேள்வி: ஒரு செல்லில் எந்த மரபணு முதலில் இயங்கியது, எது பிறகு இயங்கியது என்பதை எப்படி அறிவது?

மரபணு இயங்கும்போது உருவாகும் ஆர்.என்.ஏ.வை வாசிப்பதுதான் நம் வழக்கம். அதற்குச் செல்லை உடைத்தாக வேண்டும். உடைத்த நொடியின் நிலவரம் கிடைக்கும். நேற்றைய கதை கிடைக்காது. பாக்டீரியாவில் ஆர்.என்.ஏ. பெரும்பாலும் சில நிமிடங்களில் சிதைந்துபோகும். டி.என்.ஏ.வோ நிலைக்கும், அடுத்த தலைமுறைக்கும் போகும். நடந்ததை அதிலேயே எழுதிவைத்தால் என்ன?

பாக்டீரியா இதை எப்போதோ தொடங்கிவிட்டது. தாக்கிய வைரஸின் டி.என்.ஏ.வில் ஒரு துண்டை எடுத்துத் தன் டி.என்.ஏ.வில் உள்ள கிரிஸ்பர் என்ற வரிசையில் செருகிக்கொள்கிறது. தயிர் உறையவைக்கும் ஒரு பாக்டீரியாவில் பாரங்கூ, ஹோர்வாத் குழுவினர் 2007இல் இதைச் சோதனையில் காட்டினார்கள். செருகுபவை காஸ்1, காஸ்2 என்ற புரதங்கள். வீட்டில் செய்தித்தாள் அடுக்குவதுபோல, புதிய துண்டு பழையதன் மேல், வரிசையின் ஒரே முனையில் சேர்கிறது. நமக்கு வேண்டிய கால வரிசை அங்கேயே இருக்கிறது.

2017இல் ஹார்வர்டில் ஷிப்மன், சர்ச் குழுவினர் ஓடும் குதிரையின் ஐந்து படங்களை டி.என்.ஏ. எழுத்துகளாக்கி ஈ. கோலை பாக்டீரியாவில் பதித்தார்கள். பத்திரிகைகள் குதிரையைக் கொண்டாடின. ஆனால் அந்த டி.என்.ஏ. வெளியிலிருந்து ஊட்டப்பட்டது, செல் தன் கதையைத் தானே எழுதவில்லை. அடுத்த ஆண்டு ஸ்விட்சர்லாந்தில் பிளாட் குழுவினர், செல்லின் ஆர்.என்.ஏ.வையே டி.என்.ஏ.வாக மாற்றிச் செருகும் நொதியைக் கொண்டுவந்தார்கள். 2022இல் அந்த நொதியைச் சுமக்கும் பாக்டீரியாவைச் சுண்டெலியின் குடலுக்குள் அனுப்பி, எலி தின்ற உணவின் தடயத்தைப் புழுக்கையிலிருந்து வாசித்தார்கள். எலியை அறுக்க வேண்டியிருக்கவில்லை. இத்துறையில் என்னை மிகவும் கவர்ந்தது அதுதான்.

அதே 2022இல், சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டன் நிறுவனத்தில் ஷிப்மன் குழு முன்பின் வரிசையைக் குறிவைத்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது, பாக்டீரியாவில் உள்ள ரெட்ரான் என்ற மரபணு அமைப்பு. 1980களிலேயே தெரிந்திருந்தும், வைரஸுக்கு எதிரான காப்பு என்று 2020 வாக்கில்தான் புரிந்தது. கண்காணிக்க வேண்டிய ஒவ்வொரு மரபணுவையும் இயக்கும் விசையோடு தனி அடையாளமுள்ள ஒரு ரெட்ரானை இணைத்தார்கள். விசை இயங்கினால் அந்த அடையாளம் குறு டி.என்.ஏ.வாக உருவாகும், காஸ் புரதங்கள் அதைக் கிரிஸ்பர் வரிசையில் சேர்க்கும். இரண்டு விசைகளில் எது முந்தியது என்று பின்னால் வாசிக்க முடிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தப் பதிவு முறையை ஒற்றைச் செல்லின் நாட்குறிப்பு என்று நம் கட்டுரைகளே எழுதுகின்றன, அது மிகை. பெரும்பாலான செல்களில் ஒரு பதிவுகூட விழுவதில்லை. பெருங்கூட்டத்தை வாசித்து, எண்ணிக்கையிலிருந்துதான் வரிசையை ஊகிக்கிறோம். முன்பின் தெரியும், மணி தெரியாது. போதாததற்கு, பதிவுக் கருவியைச் சுமப்பதே செல்லின் நடத்தையை மாற்றிவிடக்கூடும்.

ஆகவே பேசவிருப்போரிடம் ஒரு வேண்டுகோள்: அழகான வரைபடத்துக்கு முன்னால், எத்தனை செல்களை வாசித்தீர்கள், அவற்றில் எத்தனையில் பதிவு விழுந்தது என்பதைக் காட்டிவிடுங்கள். அங்கிருந்து விவாதிக்கலாம். முதல் அமர்வைத் தொடங்குவோம்.