எண்ணிக்கையில் இடம், ஒப்போலையில் தடை
(அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் பற்றிய சொற்பொழிவு)



உலகில் வலிமை மிக்க இருக்கை எனப் பலரும் கருதுவது அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் இருக்கை. அதில் அமர்பவரை அந்நாட்டு மக்கள் நேரே தேர்ந்தெடுக்கின்றனர் என்றே பெரும்பாலோர் எண்ணியுள்ளனர். அஃது உண்மையன்று. நான்காண்டுகட்கு ஒருமுறை நவம்பர்த் திங்களில் அமெரிக்கர் இடும் ஒப்போலை, தலைவரைத் தேரும் தேர்வாளரைத் தேர்வதற்கே உரியது. அத் தேர்வாளர் 538 பேர். அவருள் 270 பேரின் ஒப்போலையைப் பெற்றவரே தலைவராவார். நாடு முழுமையிலும் மக்களுள் மிகுதியானோர் யார் பக்கம் நின்றனர் என்பது முடிவுக்குரிய கணக்கிலேயே வாராது.

இதனால் 1824, 1876, 1888, 2000, 2016 ஆகிய ஐந்து தேர்தல்களில், மக்களிடம் குறைந்த ஒப்போலை பெற்றவரே தலைவரானார். மக்களாட்சியின் தாயகம் எனத் தன்னைப் புகழ்ந்துகொள்ளும் நாட்டில் இத்தகைய முறை எவ்வாறு தோன்றியது? எவர் நலங்கருதித் தோன்றியது? இவ்வினாக்களுக்கு விடை காணாதவர், அந்நாட்டு வரலாற்றின் மேற்பரப்பையே கண்டவராவர்.

ஐந்தில் மூன்று பங்கு

1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் 55 பேராளர் கூடி, அமெரிக்க ஒன்றியத்திற்குரிய அரசமைப்பை வகுத்தனர். தலைவரை மக்களே நேரே தேர்தல் வேண்டும் என்னும் கருத்து அம்மன்றத்தில் எழாமல் இல்லை. ஆயினும் அதற்கு எதிராகப் பல தடைகள் கூறப்பட்டன. பரந்த நாட்டில் தொலைவிடத்து மக்கள் வேட்பாளரை எங்ஙனம் அறிவர் என்றனர் சிலர். சிறு மாநிலங்கள் பெரு மாநிலங்களால் விழுங்கப்படும் என்றனர் வேறு சிலர். வர்சீனியாவினரான சேம்சு மாடிசன் மற்றொரு தடையை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். வடமாநிலங்களில் ஒப்போலை உரிமையுடையோர் மிகுதி. தென்மாநிலங்களிலோ மக்களுள் பெரும்பகுதியினர் அடிமைகள். ஆகவே நேர்முகத் தேர்தலில் தெற்கின் கை தாழ்ந்துவிடும் என்பதே அவர் கூறியதன் கருத்து.

தேர்வாளர் முறை இத் தடையை நீக்கியது. எவ்வாறு? ஒரு மாநிலத்திற்குக் கீழவையில் எத்தனை உறுப்பினரோ அத்தனை பேரும், மேலவைக்குரிய இருவருமாகச் சேர்ந்த தொகையே அம்மாநிலத் தேர்வாளர் தொகை. கீழவை உறுப்பினர் தொகையோ மக்கள்தொகையைப் பொறுத்தது. அம்மக்கள்தொகையைக் கணக்கிடும்போது, அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணுதல் வேண்டும் என அரசமைப்பு வகுத்தது. ஐந்து அடிமைகள் மூவராவர். ஆயின், அடிமை என்னும் சொல் அவ்வேட்டில் ஓரிடத்தும் இடம்பெறவில்லை. 'பிற ஆட்கள்' என்னும் போர்வையாலே அக்கொடுமை மூடப்பட்டது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். விலங்கு பூண்ட மாந்தன் ஒப்போலை இட முடியாது. ஆனால் அவன் தலை எண்ணப்படும். அவ்வெண்ணிக்கையால் வரும் வலிமையோ அவனை விலைக்கு வாங்கியவன் கைக்குப் போகும்! எத்துணை மிகுதியான அடிமைகளை ஒரு மாநிலம் வைத்திருந்ததோ, அத்துணை மிகுதியாகத் தலைவர் தேர்தலில் அதன் குரல் ஒலித்தது.

1790ஆம் ஆண்டு எடுத்த முதற் குடிக்கணக்கின்படி, வர்சீனியாவின் மக்கள் 7,47,610 பேர். அவருள் அடிமைகள் 2,92,627 பேர். 1789 முதல் 1825 வரையுள்ள 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் தலைவர் இருக்கையில் அமர்ந்தோர் வர்சீனியாவினரே. வாசிங்டன், செபர்சன், மாடிசன், மன்றோ ஆகிய அந்நால்வரும் அடிமைகளை உடையவர். 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் செபர்சன் 73 தேர்வாளரையும், சான் ஆடம்சு 65 தேர்வாளரையும் பெற்றனர். அடிமைகளின் பெயரால் வந்த மிகுதியைக் கழித்தால் ஆடம்சே முந்தியிருப்பார் என வரலாற்றறிஞர் பலர் கணக்கிட்டுள்ளனர். மாந்தரெல்லாரும் ஒப்பப் படைக்கப்பட்டோர் என்று விடுதலை அறிக்கை வரைந்த செபர்சனின் வெற்றிக்கு, அடிமைகளின் தலையெண்ணிக்கை துணைநின்றது என்பது எண்ணுதற்குரியது.

மாநில உரிமை என்னும் போர்வை

அமெரிக்கத் தென்மாநிலங்கள் எழுப்பிய பெருமுழக்கம் மாநில உரிமை என்பது. இச்சொல்லைக் கேட்ட அளவில் உரிமை வேட்கையுள்ள நெஞ்சம் மகிழும். ஆயினும், எவர் வாய்ச்சொல்லாயினும் அதன் உட்பொருளை ஆராய்தல் வேண்டும். 1850ஆம் ஆண்டு, தப்பியோடிய அடிமையரைப் பிடித்து மீட்டுத் தரும் சட்டத்தை நடுவண் அரசு இயற்றியது. அதனைக் கேட்டுப் பெற்றவர் தென்மாநிலத்தாரே. விசுகான்சின் மாநில முறைமன்றம் தன் உரிமையை நிலைநாட்டி அச்சட்டம் செல்லாது என்றபோது, தென்மாநிலத்தார் அம்மாநில உரிமையைப் போற்றினாரில்லை. 1859இல் தலைமை முறைமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியபோது மகிழ்ந்தனர். ஆகவே அவர் காக்க முனைந்தது மாநில உரிமையை அன்று, அடிமையுடைமையையே.

1860இல் ஆபிரகாம் இலிங்கன் மக்கள் ஒப்போலையில் ஏறத்தாழ 40 விழுக்காடே பெற்றும், 180 தேர்வாளரைப் பெற்றுத் தலைவரானார். வேட்பாளர் நால்வராகப் பிரிந்து நின்றமையும், வடமாநிலங்களில் மக்கள் பெருகியிருந்தமையும் அதற்குக் கரணியங்கள். எந்த முறை அடிமையுடையோர்க்கு அரணாக வகுக்கப்பட்டதோ, அதுவே அன்று அவர்க்கு எதிராகத் திரும்பியது. திசம்பர் 20ஆம் நாள் தென் கரோலினா ஒன்றியத்தினின்று பிரிந்தது; தொடர்ந்து மேலும் பத்து மாநிலங்கள் பிரிந்தன. நான்காண்டுப் போரில் ஆறு இலக்கத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர்.

போரின் முடிவில் மூன்று திருத்தங்கள் அரசமைப்பில் ஏறின. 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. 1868இல் குடியுரிமையும், சட்டத்தின் ஒத்த காப்பும் உறுதிசெய்யப்பட்டன. 1870இல் நிறம் கருதி ஒப்போலை உரிமையை மறுத்தலாகாது என்னும் நெறி வந்தது. அவ்வாண்டே மிசிசிப்பியினின்று ஐராம் இரெவல்சு என்னும் கறுப்பினத்தவர் நாட்டின் மேலவையில் அமர்ந்தார். இருண்ட வானில் விடிவெள்ளி முளைத்தது போலிருந்தது. ஆனால் விடியலாக அது முதிரவில்லை.

ஒரு நாற்காலியும் ஓரினத்தின் உரிமையும்

1876ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்களாட்சிக் கட்சியின் சாமுவேல் தில்டன், குடியரசுக் கட்சியின் இரதர்போர்டு ஏய்சைவிட ஏறத்தாழ இரண்டரை இலக்கம் ஒப்போலை மிகுதியாகப் பெற்றார். ஆயினும் அம்மிகுதி தூயதன்று. தென்மாநிலங்களில் கறுப்பின மக்களை அடித்தும் கொன்றும் அச்சுறுத்தியும் ஒப்போலைச் சாவடிக்கு வாராமல் தடுத்த கொடுமை அதனுள் கலந்திருந்தது.

வெற்றிக்கு வேண்டியவர் 185 தேர்வாளர். ஐயமின்றித் தில்டன் பெற்றவர் 184 பேர். ஏய்சு பெற்றவர் 165 பேர். புளோரிடா, இலூசியானா, தென் கரோலினா, ஒரிகன் ஆகிய நான்கு மாநிலங்களைச் சார்ந்த 20 தேர்வாளர் வழக்கிற்கு உள்ளாயினர். ஒருவர் கிடைத்தால் தில்டன் தலைவர். இருபதின்மரும் கிடைத்தால் ஏய்சு தலைவர்!

வழக்கைத் தீர்க்க 15 பேர் கொண்ட குழுவை நாடாளுமன்றம் அமைத்தது. அக்குழுவில் குடியரசுக் கட்சி சார்ந்தோர் எண்மர். மக்களாட்சிக் கட்சி சார்ந்தோர் எழுவர். ஒவ்வொரு மாநில வழக்கிலும் தீர்ப்பு எட்டுக்கு ஏழு என்றே வந்தது. எதிர்க்கட்சியினர் எண்ணுதலைத் தாழ்த்தி இடர் விளைத்தனர். அந்நிலையில் இருதரப்பினரும் மறைவாகப் பேசத் தலைப்பட்டனர். 1877 பிப்பிரவரி 26ஆம் நாள் வாசிங்டன் நகரில் உவார்ம்லி விடுதியில் நிகழ்ந்த சந்திப்பு அவற்றுள் பெயர்பெற்றது. அவ்விடுதியின் உரிமையாளரோ கறுப்பினத்தவர். அவர்தம் கூரையின் கீழேயே, அவர்தம் இனத்தாரின் எதிர்காலம் பேசப்பட்டது!

அப்பேச்சு முடிவை எத்துணை அளவு மாற்றியது என்பதில் வரலாற்றறிஞர் கருத்து வேறுபடுவர். நிகழ்ந்தவற்றிலோ வேறுபாட்டிற்கு இடமில்லை. மார்ச்சு 2ஆம் நாள் 185க்கு 184 என்னும் கணக்கில் ஏய்சு வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஏப்பிரல் திங்களில், தென் கரோலினாவிலும் இலூசியானாவிலும் மாநில ஆட்சி மாளிகைகளைக் காத்துநின்ற நடுவண் படையினர் பாசறைக்குத் திருப்பி அழைக்கப்பட்டனர். கறுப்பின மக்களின் ஒப்போலையால் எழுந்த ஆட்சிகள் அங்குக் கவிழ்ந்தன. ஒரு கட்சிக்கு நாற்காலி கிடைத்தது. மற்றொரு கட்சிக்குத் தெற்கு கிடைத்தது. பேச்சில் இடம்பெறாத மக்களே விலையாயினர்.

ஐந்திற்கு ஐந்து; ஒப்போலைக்கு ஒன்றுமில்லை

அடுத்து நிகழ்ந்தது அதனினும் கொடிது. 1890இல் மிசிசிப்பி புதிய மாநில அரசமைப்பை வகுத்தது. ஒப்போலையிட வரி செலுத்துதல் வேண்டும். அரசமைப்பின் ஒரு பகுதியைப் படித்தோ கேட்டோ பொருளுரைத்தல் வேண்டும். உரைத்த பொருள் ஏற்புடையதா என்று முடிவு செய்பவன் வெள்ளை அலுவலன். 1898இல் இலூசியானா ஒரு படி மேலே சென்றது. 1867ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எவன் தந்தையோ பாட்டனோ ஒப்போலை உரிமை பெற்றிருந்தானோ, அவனுக்குத் தேர்வுகளினின்று விலக்கு என்றது. அன்று அடிமைகளாகவோ உரிமையற்றோராகவோ இருந்தவரின் வழித்தோன்றல்கட்கு அவ்விலக்கு எங்ஙனம் கிட்டும்? அம்மாநிலத்தில் 1896இல் பதிவு பெற்றிருந்த கறுப்பினத்தார் 1,30,334 பேர். 1900இல் எஞ்சியவர் 5,320 பேரே.

நிறம் என்னும் சொல் இச்சட்டங்களில் இல்லை. 1787இல் அடிமை என்னும் சொல்லை மறைத்த அதே கைத்திறம் இங்கும் விளங்குகின்றது.

இனி, கணக்கைப் பாருங்கள். அடிமைமுறை ஒழிந்தபின் ஐந்தில் மூன்று என்னும் நெறியும் ஒழிந்தது. கறுப்பின மக்கள் ஒவ்வொருவரும் முழுத் தலையாக எண்ணப்பட்டனர். ஆகவே தென்மாநிலங்களின் உறுப்பினர் தொகையும் தேர்வாளர் தொகையும் உயர்ந்தன. ஆனால் அம்மக்கள் ஒப்போலை இட முடியவில்லை. அடிமையாயிருந்த காலத்தில் ஐந்திற்கு மூன்று. விடுதலை பெற்ற காலத்தில் ஐந்திற்கு ஐந்து. ஒப்போலையோ இருகாலத்தும் இல்லை! விடுதலையே ஒடுக்கியோர்க்கு ஊதியம் பெருக்கும் கருவியாயிற்று. ஒப்போலை உரிமையைப் பறிக்கும் மாநிலத்திற்கு உறுப்பினர் தொகையைக் குறைத்தல் வேண்டும் என்று 1868ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே ஒரு பகுதி உண்டு. அப்பகுதி ஒருநாளும் நடைமுறைக்கு வந்ததில்லை.

இந்நிலை மாற 1965 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு மார்ச்சு 7ஆம் நாள், அலபாமா மாநிலத்துச் செல்மா நகரின் பாலத்தில், ஒப்போலை உரிமை வேண்டி அமைதியாக நடந்துவந்த மக்களைக் காவலர் தடியால் அடித்து வீழ்த்தினர். நாடு அதிர்ந்தது. ஆகத்து 6ஆம் நாள் தலைவர் இலிண்டன் சான்சன் ஒப்போலை உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மிசிசிப்பியில் நூற்றுக்கு எழுவர்கூடப் பதிவு பெறாதிருந்த கறுப்பினத்தார், 1967இல் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபதின்மராயினர். 1877க்கும் 1965க்கும் இடையில் 88 ஆண்டுகள். மூன்று தலைமுறையினருள் பலர் எண்ணப்பட்டே வாழ்ந்து, ஒருமுறையும் ஒப்போலையிடாமல் மடிந்தனர்.

இன்றும் தொடரும் வழக்கு

தேர்வாளர் முறையை ஒழித்து மக்களே நேரே தேர்ந்தெடுக்கும் திருத்தத்தைக் கீழவை 1969இல் 338க்கு 70 என்னும் பெரும்பான்மையால் ஏற்றது. மறு ஆண்டு மேலவையில், தென்மாநில உறுப்பினர் முன்னின்று நிகழ்த்திய முடிவிலாப் பேச்சால் அது முடங்கியது. முறை இன்றும் நிலைபெற்றுள்ளது. 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி 3 கோடியே 95 இலக்கம் மக்கள் வாழும் கலிபோர்னியாவிற்கு 54 தேர்வாளர். 5 இலக்கத்து 77 ஆயிரம் மக்கள் வாழும் வயோமிங்கிற்கு 3 தேர்வாளர். ஒரு தேர்வாளர்க்கு அங்கே ஏழு இலக்கத்திற்கு மேற்பட்ட மக்கள். இங்கே இரண்டு இலக்கத்திற்கும் குறைந்த மக்கள்.

2000இல் புளோரிடாவில் 537 ஒப்போலை வேறுபாட்டால், நாடு முழுமையிலும் ஐந்து இலக்கத்திற்கு மேல் பின்தங்கிய சார்சு புசு தலைவரானார். 2016இல் ஏறத்தாழ 28 இலக்கத்து 68 ஆயிரம் ஒப்போலை குறைவாகப் பெற்ற தொனால்டு திரம்பு தலைவரானார்; 2024இல் அவர் மக்கள் ஒப்போலையிலும் முந்தினார். 2021 சனவரி 6ஆம் நாள் தேர்வாளர் ஒப்போலையை எண்ணும் வேளையில் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டபோது, அவ்வெண்ணுதலை ஆண்ட சட்டம் 1887இல் இயற்றப்பட்டது. 1876ஆம் ஆண்டு வழக்கின் பட்டறிவால் பிறந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்ப்பகுதி ஒன்றையோ, 2013இல் தலைமை முறைமன்றம் ஐவர்க்கு நால்வர் என்னும் தீர்ப்பால் செயலிழக்கச் செய்தது.

பெருமக்களே! அமெரிக்க வரலாறு நெஞ்சில் நிறுத்தத்தக்க ஒன்றை உணர்த்துகின்றது. ஏட்டில் எழுதிய உரிமை, காப்போர் இல்லாவிடத்து எழுத்தாகவே நின்றுவிடும். மாநில உரிமை என்பது அம்மாநிலத்தில் வாழும் மக்கள் அனைவர்க்கும் உரியது. அவருள் ஒரு பகுதியினர் மற்றொரு பகுதியினரை மிதித்தற்கு உரிய உரிமையன்று. உரிமை முழக்கம் செய்வோர் இவ்வேறுபாட்டை மறந்தால், தம் முழக்கத்தைத் தாமே பழிக்கு உள்ளாக்குவர்.

எந்நாட்டு ஆட்சிமுறையை ஆராயப் புகுந்தாலும் இரு வினாக்களை எழுப்புங்கள்: இங்கு எண்ணப்படுவோர் யாவர்? முடிவு செய்வோர் யாவர்? இவ்விரு தொகையும் ஒன்றாகாத இடத்தில், மக்களாட்சி என்னும் பெயர் பலகையில் மட்டுமே இருக்கும்.

வாழ்க தமிழ்! வெல்க மக்கள் உரிமை!