கேவலாதேவ் ஏரிக்கரையில் சைக்கிள் சவாரி

(ஆஸ்டின் டவுனில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் நமது காரியதரிசி, "ஸார், நீங்கள் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவர். விஞ்ஞான விஷயமாக ஏதாவது பேசுங்கள்" என்றார். படித்து முடித்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. அதன்பின் முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு காலம் போயிற்று. படித்ததில் இன்றைக்கும் உபயோகப்படுவது சைக்கிள் ஓட்டும்போதுதான். ஆகவே சைக்கிளைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் காலேஜ் படித்த நாளில் ஆஸ்டின் டவுனிலிருந்து எங்கே போவதானாலும் சைக்கிள்தான். சொந்தமாக இல்லாதவர்களுக்கு வாடகை சைக்கிள் கடை இருந்தது. ராத்திரி விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் சக்கரத்துக் காற்றைப் பிடுங்கி விடுவார். அதுதான் அன்றைய பெரிய ஆபத்து. உத்தியோகம், ஸ்கூட்டர், பிறகு கார் என்று வந்தபோது சைக்கிள் மறந்தே போயிற்று. ஓய்வு பெற்றபின் மறுபடி ஒன்று வாங்கினேன்.

2017-ல் ஒரு நாள் காலை பால் வாங்கப் போகும்போது, ஓரமாக நின்ற காரின் கதவு திடீரென்று திறந்தது. விழுந்தேன். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. என் சகதர்மிணி சைக்கிளின் பூட்டுச் சாவியை எடுத்து எங்கேயோ வைத்துவிட்டாள். "போறும்னா. இந்த ஊர் ரோட்டுல இனிமே உங்களுக்குச் சைக்கிள் வேண்டாம்" என்றாள். வாஸ்தவத்தில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஒரு வருஷம் அது பால்கனியில் பழைய போர்வைக்குள் நின்றது.

2018 டிசம்பரில் மதுரா, பிருந்தாவன் யாத்திரை போனோம். தரிசனமெல்லாம் ஆன பிறகு ஒரு நாள் மிச்சமிருந்தது. மதுராவிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் ராஜஸ்தானில் பரத்பூர் இருக்கிறது. அங்கே கேவலாதேவ் தேசியப் பூங்கா என்று ஒரு பறவைகள் சரணாலயம் உண்டு. கேவலாதேவ் என்பது பரமசிவன் பெயர். சரணாலயத்தின் நடுவில் அவருக்கு ஒரு சிறிய கோயில் இருப்பதால் இந்தப் பெயர். "கோயில் இருக்கு" என்று சொல்லித்தான் அகத்துக்காரியை அழைத்துப் போனேன்.

இடத்தின் விஸ்தீரணம் சுமார் 29 சதுர கிலோமீட்டர். மேடு பள்ளமே இல்லாத சமதரை. வாசலிலிருந்து தார் ரோடு நேராகப் போகிறது. கொஞ்ச தூரத்தில் ஒரு சோதனைச் சாவடி. அதற்கு மேல் கார், பஸ், மோட்டார் சைக்கிள் எதுவும் போகக்கூடாது. நடக்கலாம், ரிக்‌ஷாவில் போகலாம், வாசலில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்துக்கொள்ளலாம். வாடகை சைக்கிளைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஆஸ்டின் டவுன் ஞாபகம் வந்துவிட்டது. அவளைப் பார்த்தேன். சாவடிக்கு அப்பால் இருந்த வெறும் ரோட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, "சரி, என் ரிக்‌ஷா பக்கத்துலயே வாங்கோ" என்றாள்.

முதல் நூறு கஜம் கை நடுங்கிற்று. மெதுவாகப் போனால்தான் சைக்கிள் அதிகம் தள்ளாடும், சற்று வேகம் வந்தால் தானே நிமிர்ந்து நிற்கும். இது தெரிந்திருந்தும் உடம்பு கேட்கவில்லை. பிறகு பின்னாலிருந்து ஹாரன் எதுவும் வரப்போவதில்லை என்று காது புரிந்துகொண்டது. தோள் தளர்ந்தது. அதன்பின்தான் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

ரோட்டின் இருபுறமும் தண்ணீர். தண்ணீருக்குள் கருவேல மரங்கள். மரத்துக்கு மரம் கூடுகளில் நாரைகள். அப்பால் காட்டுப் பகுதியில் புள்ளிமானும் நீல்காயும் மேய்ந்தன. ரிக்‌ஷாக்காரர் ஒரு சர்தார்ஜி. அதிகம் படித்ததில்லை என்றார். ஆனால் ஒவ்வொரு பறவைக்கும் இந்திப் பெயர், இங்கிலீஷ் பெயர், சிலவற்றுக்கு லத்தீன் பெயர்கூடச் சொன்னார். இங்கே முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வருபவை நிறைய.

கோயிலுக்கு அருகில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பரத்பூர் ராஜாக்கள் காலத்தில் இது வேட்டைக்களம். எந்தத் தேதியில் எந்தப் பிரபு எத்தனை பறவைகளைச் சுட்டார் என்ற கணக்கு அதில் இருக்கிறது. 1938 நவம்பர் 12-ந் தேதி, வைசிராய் லின்லித்கோ பிரபு வந்திருந்தபோது, ஒரே நாளில் 4,273 பறவைகள். பெருமைக்காக வெட்டி வைத்த கணக்கு, இன்று படிக்க வெட்கமாயிருக்கிறது. பின்னாளில் டாக்டர் ஸலீம் அலி போன்றவர்கள் பாடுபட்டதால் இடம் பிழைத்தது. 1982-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. 1985-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

பாதுகாப்பது என்பதும் சுலபமான காரியமில்லை. 1982-ல் எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். கிராமத்தார் எதிர்த்தனர், போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல வருஷம் ஆராய்ந்ததில், எருமைகள் மேயாததால் புல் மண்டித் தண்ணீரை மூடுகிறது என்று தெரிந்தது. தண்ணீரும் தானாக வருவதில்லை. 18-ம் நூற்றாண்டில் மனிதர் கரை போட்டு உண்டாக்கிய ஏரி இது. மேலே பாஞ்சனா அணையிலிருந்து நீர் விடுவதில் விவசாயிகளோடு தகராறு ஏற்பட்டு, 2004-ல் பூங்கா வறண்டது. அதன்பின் வேறு வழிகளில் நீர் கொண்டுவர ஏற்பாடாயிற்று. ஆண்டுதோறும் வந்த சைபீரியக் கொக்குகள் 2001-02 குளிர்காலத்தோடு நின்றுவிட்டன. போனது திரும்பவில்லை.

இப்போது கொஞ்சம் பௌதிகம். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்பைத் தூக்கி இறக்குகிறோம். சைக்கிளில் அந்தப் பாரத்தை ஸீட் தாங்குகிறது, முழங்காலுக்கு இடியில்லை. சமதரையில் மெதுவாகப் போனால், அதே தூரம் நடப்பதில் மூன்றில் ஒரு பங்கு சக்திகூடச் செலவாகாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. ஆகவே நம் வயதினருக்கு மணிக்கு பத்து கிலோமீட்டர் போதும். காற்றோடு சண்டை வேண்டாம்.

திரும்பும் வழியில் அவள் ரிக்‌ஷாவை நிறுத்தி இறங்கினாள். என் சைக்கிளின் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள். "சின்ன வயசுல எனக்கும் ஆசை இருந்தது. தம்பிக்குக் கத்துக் கொடுத்தா, எனக்குக் கூடாதுன்னுட்டா" என்றாள். கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல், இதை நான் கேட்டது அன்றுதான். ஊர் திரும்பியதும் சாவி தானாக மேஜைமேல் வந்துவிட்டது. எட்டு வயதுப் பேத்திக்குச் சைக்கிள் வாங்கியது நானில்லை, பாட்டிதான்.

எங்கே ஓட்டுவது என்பதுதான் பிரச்சினை. நம்மைச் சுற்றியே ஏரிகள் இருந்தன. சூளை ஏரி கால்பந்து மைதானமாயிற்று. அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி மைதானமாயிற்று. சம்பங்கி ஏரியில் கண்டீரவா ஸ்டேடியம் நிற்கிறது. கோரமங்களா ஏரி தேசிய விளையாட்டு கிராமமாகிவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பூங்காவுக்குள் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை. விடியற்காலையில் ஊர் விழிக்குமுன் போய், பேத்தி அங்கேதான் கற்றுக்கொண்டாள். மைசூரில் 2017-ல் 'ட்ரின் ட்ரின்' என்று பொதுச் சைக்கிள் திட்டம் தொடங்கினார்கள். நெதர்லாந்தில் ஹோஹே வேலுவே என்ற பூங்காவில் வருகிறவர்களுக்கு வெள்ளைச் சைக்கிள்களை இலவசமாகவே கொடுக்கிறார்கள். மனம் வைத்தால் வழி இருக்கிறது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2014 வாக்கில் எங்கள் தெருப் பிள்ளைகள், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் தெருவில் வண்டிகளை நிறுத்தலாம் என்று கேட்டார்கள். காரை வெளியே எடுக்க முடியாதே என்று ஆட்சேப மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவன் நான். யோசனை அத்தோடு போயிற்று. கை முறிந்தபோது அந்த மனு ஞாபகம் வந்தது.

பரத்பூர் போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மதுரா யாத்திரையோடு ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் குளிர் கடுமை, மஃப்ளர் அவசியம். கட்டணங்களை முன்கூட்டி விசாரித்துக்கொள்ளவும். இருதய உபத்திரவமோ தலைச்சுற்றலோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சைக்கிளில் ஏறக்கூடாது. உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் படும் உயரத்துக்கு ஸீட்டை இறக்கிக்கொள்ளுங்கள். பிரேக்கை முதலில் பாருங்கள். வேஷ்டியோடு ஓட்ட வேண்டாம்.

பல ஊர்களில் இருக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பேட்டையில் யாராவது ஒரு தெருவையோ ஏரிக்கரையையோ கொஞ்ச நேரம் வண்டியில்லாமல் விடலாம் என்று கேட்டால், என்னைப்போல் ஆட்சேபிக்காதீர்கள். நானும் எங்கள் தெருவில் அதே யோசனையை மறுபடி எழுதிச் சுற்றுக்கு விட்டிருக்கிறேன். இதுவரை ஒன்பது வீட்டார் சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து இந்தத் தடவை என் அகத்துக்காரியுடையது.